ஆளே இல்லாத சரக்குக் கலம் விண்வெளி நிலையத்தோடு எப்படி இணைகிறது?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. விண்வெளி நிலையத்துக்கு உணவும் எரிபொருளும் ஏற்றிச் செல்லும் கலத்தில் ஓர் ஆள்கூட இல்லாதபோது அது எப்படித் தானாகப் போய் இணைகிறது? ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் அனுப்புவது நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லையா? இவ்வளவு செலவு செய்து கட்டிய கலத்தைக் கடைசியில் ஏன் எரித்துவிடுகிறார்கள்? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ரஷ்யாவின் புரோகிரஸ் கலத்தை நடுவில் வைத்துப் பேசப் போகிறேன். 1978இல் தொடங்கி இன்றுவரை பறந்துகொண்டிருப்பது அதுதான். மற்ற நாடுகள் செய்த பல காரியங்களை அது முதலில் செய்து பார்த்தது, மற்றவர்கள் படாத அடிகளையும் பட்டது.

முதலில், இப்படி ஒரு கலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்கா 1973 மே 14 அன்று ஸ்கைலேப் நிலையத்தை ஏவியது. உணவு, தண்ணீர், காற்று என ஏறக்குறைய எல்லாவற்றையும் முதல் நாளே உள்ளே அடைத்துத்தான் அனுப்பினார்கள். மூன்று மூன்று பேராக மூன்று குழுக்கள் போய்த் தங்கின. மூன்றாவது குழு 84 நாள் இருந்துவிட்டு 1974 பிப்ரவரியில் இறங்கியது. அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. நிலையத்தை மேலே தள்ளிவிட ஒரு கலம் தேவைப்பட்டது. அப்படி ஒன்று அப்போது அமெரிக்காவிடம் இல்லை. விண்வெளி ஓடம் தயாரானதும் அதை வைத்துச் செய்யலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, வளிமண்டலத்தின் மேலடுக்கு உப்பி, ஸ்கைலேப்பைச் சீக்கிரமே கீழே இழுத்துவிட்டது. 1979 ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. விண்வெளி ஓடம் முதன்முதலில் பறந்தது 1981 ஏப்ரலில்.

அதே காலத்தில் சோவியத் ஒன்றியம் வேறு வழியில் யோசித்தது. 1977 செப்டம்பரில் ஏவிய சல்யூட் 6 நிலையத்தில் ஒன்றுக்கு இரண்டு இணைப்பு வாயில்கள் வைத்தார்கள். ஒன்றில் குழு வந்த சோயுஸ் கலம் நிற்கும். இன்னொன்றில் சரக்குக் கலம் வந்து இணையலாம். யூரி ரமனென்கோவும் கியோர்கி கிரெச்கோவும் அங்கே தங்கியிருந்தபோது, 1978 ஜனவரி 20 அன்று புரோகிரஸ் 1 புறப்பட்டு, 22ஆம் தேதி பின்பக்க வாயிலில் இணைந்தது. ஏறக்குறைய 2.3 டன் சரக்கு. அதில் சுமார் ஒரு டன் எரிபொருள். அந்த இருவரும் 96 நாள் தங்கி ஸ்கைலேப்பின் 84 நாள் சாதனையைத் தாண்டினார்கள். அவர்களுடைய மன உறுதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்தச் சாதனையில் பாதியை நான் அந்த ஆளில்லாக் கலத்துக்குத்தான் கொடுப்பேன். சல்யூட் 6இன் வாழ்நாளில் மொத்தம் 12 புரோகிரஸ்கள் வந்துபோயின. நிலையம் என்பது ஏவிவிட்டு முடித்துக்கொள்கிற ஒரு பொருளாக இருந்தது போய், தொடர்ந்து ஊட்டி வளர்க்கிற ஒன்றாக மாறியது அப்போதுதான்.

சரி, அந்தக் கலம் எப்படி இருக்கும்? புரோகிரஸ் என்பது சோயுஸின் உடன்பிறப்பு. மூன்று பகுதிகள். முன்னால், காற்றழுத்தம் உள்ள சரக்கு அறை. குழுவினர் கதவைத் திறந்து உள்ளே நுழைவது இதற்குள்தான். உணவுப் பொட்டலங்கள், உடைகள், மருந்து, ஆய்வுக் கருவிகள், உதிரி பாகங்கள், தண்ணீர் எல்லாம் இங்கே இருக்கும். நடுவில், சோயுஸில் மனிதர்கள் உட்கார்ந்து இறங்கும் பகுதி இருக்கும் இடத்தில், இங்கே எரிபொருள் தொட்டிகள். பின்னால் எஞ்சினும் மின்சாரமும் கணினியும் உள்ள பகுதி. ஏவும்போது மொத்த எடை 7 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதில் சுமார் இரண்டரை டன் சரக்கு. வெப்பக் கவசமும் இல்லை, பாராசூட்டும் இல்லை. பூமிக்கு முழுதாகத் திரும்புவதற்கான ஏற்பாடு எதுவுமே அதில் கிடையாது. இந்த ஒரு முடிவில்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எரிபொருள் மாற்றுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. புரோகிரஸ் கொண்டுபோகும் எரிபொருளும் அதை எரிய வைக்கும் திரவமும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் வகை. தீப்பொறி வேண்டாம், அதனால் எஞ்சின் எப்போது கேட்டாலும் எரியும். ஆனால் இரண்டுமே கடும் நச்சு. ஒரு துளி நிலையத்துக்குள் கசிந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். அதனால்தான் எரிபொருள் தொட்டிகளை மக்கள் நடமாடும் அறையிலிருந்து பிரித்து வைத்து, குழாய்களை வெளிப்பக்கமாகவே கொண்டுபோய், இணைப்பு வளையத்தில் உள்ள வால்வுகள் வழியாக நிலையத்தின் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. எடையற்ற நிலையில் தொட்டிக்குள் திரவம் அடியில் தங்காது. திரவமும் வாயுவும் கலந்து மிதக்கும். ஆகவே தொட்டிக்குள் ஒரு நெகிழ்வான தடுப்பு வைத்து, அதன் ஒரு பக்கம் திரவமும் மறு பக்கம் நைட்ரஜன் வாயுவுமாக நிரப்புகிறார்கள். வாயுவின் அழுத்தம் திரவத்தைத் தள்ளும். நிலையத் தொட்டியின் வாயு அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கலத்தின் தொட்டியில் அழுத்தத்தைக் கூடுதலாக வைத்தால், திரவம் தானாக அந்தப் பக்கம் போய்ச் சேரும். கடைசியில் குழாயில் மிஞ்சியதை வெளியே விண்வெளிக்கு ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் கலத்தைப் பிரிப்பார்கள். 1978 பிப்ரவரியில் புரோகிரஸ் 1 இதைச் செய்து காட்டியது. சுற்றுப்பாதையில் ஒரு நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியது அதுவே முதல் முறை.

இந்த எரிபொருள் எதற்கு? சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. அங்கேயும் காற்று மெலிதாக இருக்கிறது. 400 டன்னுக்கு மேல் எடையுள்ள, விரிந்த சோலார் பேனல்கள் கொண்ட அந்த நிலையத்தை அந்தக் காற்று விடாமல் உரசி, மாதத்துக்குச் சுமார் இரண்டு கி.மீ. அளவுக்குக் கீழே இறக்குகிறது. சூரியன் சீறும் காலத்தில் இன்னும் அதிகம். அதனால் அவ்வப்போது மேலே தள்ளிவிட வேண்டும். இந்த வேலையில் பெரும் பங்கு, பின்புறம் இணைந்து நிற்கும் புரோகிரஸின் எஞ்சினுடையது. விண்வெளிக் குப்பை ஏதாவது நேராக வந்தால் நிலையத்தை நகர்த்தி வைப்பதும் பெரும்பாலும் அதுவேதான். அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் சிக்னஸ், டிராகன் கலங்களும் இப்படித் தள்ளிக் காட்டியிருக்கின்றன. சரக்கை இறக்கியதும் அந்தக் கலத்தின் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல மாதங்கள் ஒட்டிக்கொண்டு நின்று, நிலையத்தின் ஓர் உறுப்பாகவே அது வேலை செய்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் ராக்கெட்டில் புறப்பட்டால் சுமார் ஒன்பது நிமிடத்தில் புரோகிரஸ் சுற்றுப்பாதையில் இருக்கும். ஆனால் நிலையத்தின் பக்கத்தில் இருக்காது. நிலையம் மணிக்கு ஏறக்குறைய 28,000 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; கலம் அதற்குப் பல ஆயிரம் கி.மீ. பின்னால், 200 கி.மீ. சொச்சம் உயரத்தில் இருக்கிறது. முன்னால் போகிறவரைப் பிடிக்க எஞ்சினை முடுக்கி வேகத்தைக் கூட்டினால் போதும் என்று நமக்குத் தோன்றும். சுற்றுப்பாதையில் அது நேர் எதிராகப் போய் முடியும். வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறும். மேலே ஏறினால் சுற்று பெரிதாகி, ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் கூடி, இன்னும் பின்தங்கும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் இதை நேரடியாக அனுபவித்தார். தன் ராக்கெட்டின் கழன்ற பகுதி பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். அது விலகிப் போனது. மறுபடியும் செலுத்தினார், எரிபொருள்தான் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

எனவே சரக்குக் கலம் தாழ்வான பாதையிலேயே கொஞ்ச நேரம் சுற்றும். ஓட்டப் பந்தயத்தில் உள்வட்டத்தில் ஓடுகிறவருக்குத் தூரம் குறைவது போல, தாழ்ந்த பாதையில் சுற்று சின்னது, வேகமும் சற்றுக் கூடுதல். ஒரு சுற்றை முடிக்க நிலையத்துக்கு 93 நிமிடம் ஆகிறது என்றால் தாழ்வில் உள்ள கலத்துக்கு 89 நிமிடம் போதும். அந்த நான்கு நிமிட வித்தியாசத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 1,800 கி.மீ. இடைவெளியைக் குறைத்துவிடலாம். போதுமான அளவு நெருங்கிய பிறகு, கணக்குப் பார்த்து எஞ்சினை எரித்துப் படிப்படியாக உயரத்தைக் கூட்டி, நிலையத்தின் பாதையிலேயே அதன் அருகில் வந்து நிற்க வேண்டும். இதற்கு நீண்ட காலமாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று புரோகிரஸ் எம்-16எம் நான்கே சுற்றில், ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 2018 ஜூலையில் புரோகிரஸ் எம்எஸ்-09 இரண்டே சுற்றில், நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக முடித்தது. 2022 நவம்பரில் சீனாவின் தியான்சோ-5 இரண்டு மணி ஏழு நிமிடத்தில் அவர்களுடைய நிலையத்தை அடைந்தது.

இந்த வேக விளையாட்டு எஞ்சின் பலத்தால் வந்தது இல்லை. ஏவும் கணத்தில் நிலையம் சரியான இடத்தில் இருக்கும்படி சில நாள் முன்பே அதன் பாதையைத் திருத்தி வைக்க வேண்டும். ராக்கெட் கலத்தைத் துல்லியமான பாதையில் விட வேண்டும். தரையிலிருந்து அளந்து சொல்லும்வரை காத்திராமல் கலத்தின் கணினியே தன் இடத்தைக் கணக்கிட வேண்டும். இவை மூன்றும் கைகூடினால்தான் மணிக்கணக்கில் போக முடியும். ஆனால் சரக்குக்கு அவசரம் கிடையாது. குறுகிய சோயுஸுக்குள் மடங்கி உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்குத்தான் அந்தச் சில மணி நேரம் பெரிய வரம். உண்மையில் முதலில் சரக்குக் கலத்தில் பரீட்சை செய்து பார்த்துவிட்டுத்தான் ஆட்களை அந்த வழியில் அனுப்பினார்கள். சரக்குக் கலங்களில் பல இன்றும் நிதானமாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டே போகின்றன.

கடைசிக் கட்டம்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம். புரோகிரஸிலும் நிலையத்திலும் குர்ஸ் என்ற ரேடியோ அமைப்பின் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பி, இடைவெளி எவ்வளவு, எந்த வேகத்தில் நெருங்குகிறோம், எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்பதை ஓயாமல் அளக்கின்றன. கலம் நிலையத்தைச் சுற்றி வந்து, தான் இணைய வேண்டிய வாயிலுக்கு நேராக, சுமார் 200 மீட்டரில் அசையாமல் நிற்கும். தரைக் கட்டுப்பாட்டு மையம் எல்லாம் சரியா என்று பார்க்கும். பிறகு நொடிக்குச் சில பத்து சென்டிமீட்டர் வேகத்தில், நாம் மெதுவாக நடப்பதைவிடவும் மெதுவாக நெருங்கும். கலத்தின் முனையில் ஒரு தண்டு. நிலையத்தின் வாயிலில் ஒரு கூம்பு. தண்டு கூம்புக்குள் பட்டுச் சறுக்கி நடுவில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் தண்டை உள்ளிழுத்து, சுற்றிலும் உள்ள கொக்கிகளை மாட்டி, இரண்டு வளையங்களையும் இறுக்குவார்கள். காற்று கசிகிறதா என்று நிதானமாகப் பரிசோதித்த பிறகுதான் கதவு திறக்கும். ஆப்பிளும் எலுமிச்சையும் வெங்காயமும் ஏற்றிவரும் புரோகிரஸைத் திறந்ததும் வரும் வாசனைக்காகவே குழுவினர் காத்திருப்பார்கள்.

எல்லாக் கலங்களும் இப்படியே முட்டி இணைவதில்லை. ஜப்பான் 2009இல் எச்டிவி கலத்தை அனுப்பியபோது வேறொரு வழியைப் பிடித்தது. கலம் நிலையத்துக்கு 10 மீட்டர் கீழே வந்து, எஞ்சின்களை அணைத்துவிட்டு மிதந்தபடி நிற்கும். உள்ளே இருக்கும் வீரர் ரோபோ கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டுபோய் வாயிலில் பொருத்துவார். 2012 மே 25 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் முதன்முதலாக வந்தபோது டான் பெட்டிட் இப்படித்தான் அதைப் பிடித்தார். ஒரு தனியார் நிறுவனத்தின் கலம் நிலையத்தை அடைந்தது அதுவே முதல் முறை. சிக்னஸ் கலமும் இதே வகை. இதில் வாயில் பெரிதாக இருப்பதால் அலமாரி அளவுள்ள கருவிகளையும் உள்ளே கொண்டுபோகலாம். 2020 டிசம்பருக்குப் பிறகு வரும் சரக்கு டிராகன்கள் ரோபோ கைக்காகக் காத்திராமல் தாமாகவே இணைகின்றன.

இனி ஆபத்து பற்றி. "ஓட்டுநர் இல்லாத வண்டி என்றாலே பயம்தானே" என்ற உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் நடந்ததைப் பார்த்தால் படம் வேறு. 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் வசிலி சிப்ளியெவ், அலெக்சாந்தர் லசுத்கின், அமெரிக்கரான மைக்கேல் ஃபோல் மூவரும் இருந்தார்கள். ஏற்கெனவே பிரிந்து நின்ற புரோகிரஸ் எம்-34ஐ மறுபடி கையால் இணைத்துப் பார்க்கும்படி தரையிலிருந்து உத்தரவு. குர்ஸ் அமைப்பு உக்ரைனில் தயாரானது; சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அதன் விலை ரஷ்யாவுக்குச் சுமையானது. அது இல்லாமலே சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதே சோதனையின் நோக்கம். ஆகவே குர்ஸை அணைத்துவிட்டார்கள். நிலையத்துக்குள் ஒரு திரை, இரண்டு கைப்பிடிகள். கலத்தின் கேமரா காட்டும் படத்தைப் பார்த்தே சிப்ளியெவ் அதை ஓட்டி வர வேண்டும். படத்தில் கீழே பூமியின் மேகங்கள், அவற்றின் நடுவே ஒரு சின்னப் புள்ளியாக மிர். இடைவெளி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று சொல்லும் கருவி வேலை செய்யவில்லை. கலம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வருகிறது என்று தெரிந்தபோது நிறுத்த நேரம் இல்லை. 7 டன் கலம் மிர்ரின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் மோதி, சோலார் பேனலைக் கிழித்து, சுவரில் துளை போட்டது.

காது அடைக்கும் அளவுக்கு அழுத்தம் இறங்கியது. ஸ்பெக்டரின் கதவை மூட முடியவில்லை. கதவு வழியாகக் கேபிள்கள் போய்க்கொண்டிருந்தன. லசுத்கினும் ஃபோலும் அவற்றைக் கழற்றியும் வெட்டியும் எறிந்துவிட்டு ஒரு மூடியை வைத்து அடைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் மின்சாரத்தில் பெரும் பங்கு போயிற்று, நிலையம் தாறுமாறாகச் சுழல ஆரம்பித்தது. ஃபோல் ஜன்னலில் கட்டைவிரலை நீட்டி நட்சத்திரங்கள் நகரும் வேகத்தைக் கணக்கிட்டுத் தரைக்குச் சொன்னார். அதை வைத்துத்தான் எஞ்சினை எரித்துச் சுழற்சியை அடக்கினார்கள். அவருடைய படுக்கையும் ஆய்வுப் பொருள்களில் பலவும் அடைபட்ட அந்தப் பகுதிக்குள்ளேயே கிடந்தன. பிறகு பழி முழுவதையும் சிப்ளியெவ் மேல் போட முயன்றவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு அளக்கச் சொன்னால் யாரால் முடியும்?

இதை வைத்து, மனிதனை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 1994 ஆகஸ்டில் புரோகிரஸ் எம்-24 தானியங்கி முறையில் இணைய முயன்று தோற்றது, இரண்டாவது முயற்சியில் மிர் மீது இடித்தும் விட்டது. செப்டம்பர் 2 அன்று யூரி மலென்சென்கோ அதே கையோட்ட முறையில், அதே திரையைப் பார்த்து, அதைப் பத்திரமாக இணைத்தார். ஆக, மனிதனா இயந்திரமா என்ற சண்டையில் பயனில்லை. இடைவெளியும் வேகமும் நம்பகமாகத் தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் பின்வாங்க இடமும் எரிபொருளும் இருக்க வேண்டும். பாதுகாப்பு இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஆளில்லாக் கலத்துக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. உள்ளே யாரும் மூச்சு விடவில்லை, பசிக்கவில்லை, ஆகவே பின்வாங்கிப் போய் இரண்டு நாளோ ஒரு வாரமோ காத்திருந்து மறுபடி வரலாம்.

அப்படிப் பின்வாங்குவதையே முறையாகப் பழகினார்கள் ஐரோப்பியர்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய முதல் ஏடிவி கலம் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய 20 டன். வந்ததும் இணைக்கவில்லை. மார்ச் 29 அன்று மூன்றரை கி.மீ. வரை வந்துவிட்டுத் திரும்பியது. 31ஆம் தேதி 11 மீட்டர் வரை வந்துவிட்டுப் பின்வாங்கியது. நிலையத்தில் இருப்பவர்கள் பொத்தானை அழுத்தினால் கலம் உடனே விலகிப் போகிறதா என்பதையும் சோதித்தார்கள். எல்லாம் திருப்தியான பிறகு ஏப்ரல் 3 அன்றுதான் இணைப்பு. நம் இஸ்ரோவும் இதே பாடத்தைத்தான் படித்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஸ்பேடெக்ஸ் என்ற இணைப்புச் சோதனையின் இரண்டு செயற்கைக்கோள்களும் ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. ஜனவரி 12 அன்று 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டு விலக்கிக்கொண்டார்கள். அன்று சமூக ஊடகத்தில் "தோல்வி" என்று எழுதியவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று மீட்டரில் நிறுத்தித் திரும்ப முடிந்தது என்பதே அந்தக் கட்டுப்பாட்டு முறை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. ஜனவரி 16 அன்று இணைத்தார்கள். 2035இல் இந்தியாவுக்கென ஒரு விண்வெளி நிலையம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு நாள் சரக்கு அனுப்பியாக வேண்டும்.

இணைப்பைவிட அதிகமாகக் காலை வாரியது ஏவுதல்தான். 2014 அக்டோபர் 28 அன்று சிக்னஸை ஏற்றிய அன்டாரிஸ் ராக்கெட் வர்ஜீனியாவில் புறப்பட்ட சில நொடிகளிலேயே வெடித்துத் தரையில் விழுந்தது. 2015 ஏப்ரல் 28 அன்று புரோகிரஸ் எம்-27எம் ராக்கெட்டிலிருந்து பிரியும்போது சேதமடைந்து, கட்டுப்பாடின்றிச் சுழன்று, மே 8 அன்று எரிந்துபோனது. ஜூன் 28 அன்று டிராகனை ஏற்றிய ஃபால்கன் 9 இரண்டு நிமிடம் சொச்சத்தில் சிதறியது. உள்ளே ஒரு ஹீலியம் கலனைத் தாங்கிய தண்டு முறிந்ததே காரணம் என்று கண்டார்கள். எட்டு மாதத்துக்குள் மூன்று வெவ்வேறு ராக்கெட்டுகளில் மூன்று சரக்குகள் போயின. ஆனாலும் நிலையத்தைக் காலி செய்ய வேண்டிய நிலை வரவில்லை. பல மாதங்களுக்கான கையிருப்பு உள்ளே இருந்தது. ஜூலை 5 அன்று அடுத்த புரோகிரஸும் ஆகஸ்டில் ஜப்பானின் எச்டிவியும் வந்து சேர்ந்தன. ஒரே நாட்டின் ஒரே ராக்கெட்டை நம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும். நாலு வகைக் கலங்கள் எதற்கு, ஒன்றை மலிவாகச் செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த எட்டு மாதத்தைத்தான் காட்டுவேன். அந்த மூன்று விபத்திலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரக்கைத் தனியாக, ஆளில்லாமல் அனுப்புவதன் முழு நியாயமும் அதில் இருக்கிறது.

கடைசியாக, ஏன் எரிக்கிறார்கள்? திரும்பி வர வேண்டும் என்றால் வெப்பக் கவசம், பாராசூட், அவற்றைத் தாங்கும் உறுதியான கூடு எல்லாம் வேண்டும். அந்த எடை முழுவதும் போகும்போது ஏற்றும் சரக்கிலிருந்துதான் கழியும். மேலே கொண்டுபோக வேண்டியது நிறைய, கீழே கொண்டுவர வேண்டியது கொஞ்சம் என்றால், ஒருவழிக் கலமே கட்டுப்படியாகும். அதோடு நிலையத்துக்குக் குப்பையை வெளியேற்றப் பெரிதாக வேறு வழியும் இல்லை. காலி உணவுப் பைகள், அழுக்குத் துணி, பழுதான கருவிகள், கழிவுகள் எல்லாவற்றையும் காலியான சரக்குக் கலத்தில் அடைத்து மூடிவிடுகிறார்கள். அங்கே துணி துவைப்பது கிடையாது. போட்ட உடை இப்படித்தான் முடிகிறது. கலம் பிரிந்து, எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து, வளிமண்டலத்தில் நுழைந்து எரியும். எரியாமல் மிஞ்சும் துண்டுகள் தென் பசிபிக்கில், கப்பல்கள் அதிகம் போகாத இடத்தில் விழும்படி கணக்கிட்டு இறக்குவார்கள். எரியப்போகும் கலத்தையும் சும்மா விடுவதில்லை. 2016 முதல் நாசா சில சிக்னஸ் கலங்களுக்குள், அவை நிலையத்தைவிட்டுத் தூரம் போன பிறகு, வேண்டுமென்றே தீ மூட்டி எடையற்ற நிலையில் நெருப்பு எப்படிப் பரவுகிறது என்று படம் பிடித்தது. ஆட்கள் இருக்கும் இடத்தில் செய்யவே முடியாத சோதனை அது.

திரும்பக் கொண்டுவர வேண்டிய பொருள்களும் உண்டு: ரத்த மாதிரிகள், வளர்த்த படிகங்கள், பழுதுபார்க்க வேண்டிய கருவிகள். 1990களில் மிர் நிலையத்திலிருந்து இறங்கிய சில புரோகிரஸ்களில் ராதுகா என்ற சிறு பெட்டகத்தை வைத்து ஒரு முறைக்குச் சுமார் 150 கிலோ வரை இறக்கினார்கள். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் டிராகன் செய்கிறது. வெப்பக் கவசமும் பாராசூட்டும் உள்ளதால் கடலில் இறங்கி, டன் கணக்கில் சரக்கைத் திருப்பித் தருகிறது, அந்தக் கலமும் மறுபடி பறக்கிறது. அப்படியானால் எல்லாக் கலங்களையும் டிராகன் போலவே செய்துவிடலாமே என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். குப்பைக்கும் எரிபொருளுக்கும் ஒருவழிக் கலம் இருக்கட்டும்.

நிலையத்தையே இறக்குவதும் இந்தக் கலங்களின் வேலைதான். 2001 மார்ச் 23 அன்று மிர் நிலையத்தைப் பசிபிக்கில் இறக்கியது அதனோடு இணைந்திருந்த புரோகிரஸ் எம்1-5. சர்வதேச விண்வெளி நிலையம் மிர்ரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அதற்கு ஒரு புரோகிரஸின் பலம் போதாது. அதனால் 2024 ஜூனில் நாசா அந்த வேலையை ஸ்பேஸ்எக்ஸிடம் ஒப்படைத்தது, 843 மில்லியன் டாலர் வரையிலான ஒப்பந்தம். டிராகனை அடிப்படையாக வைத்து, அதைவிடப் பல மடங்கு எரிபொருளும் கூடுதல் எஞ்சின்களும் கொண்ட ஒரு கலத்தை அவர்கள் கட்டித் தர வேண்டும்.